முதல் போட்டோவை எடுத்தது யார்? புகைப்படக் கலையின் தொடக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அட்டைப் பெட்டியில் ஊசித்துளை கேமரா செய்து காட்டும் முகாம்களை நடத்தி வருகிறேன். சிவப்பு விளக்கின் கீழ் ஒரு தாளைக் கழுவிக் காட்டி முடித்ததும் கைகள் உயரும். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. தேர்வுக்காகக் கேட்பவர்கள் உண்டு. பாட்டனாரின் கல்யாணப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்களும் உண்டு. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தந்திருக்கிறேன்.

முதலில் வந்தது கேமராவா, போட்டோவா?

கேமராதான், அதுவும் பல நூற்றாண்டுகள் முன்னதாக. ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. நண்பகலில் ஓட்டின் இடுக்கு வழியாக இறங்கும் வெயில் தரையில் வட்டமாக விழும். இடுக்கு கோணல்மாணலாக இருந்தாலும் விழுவது வட்டம்தான். ஏனென்றால் அது துளையின் வடிவம் அல்ல, சூரியனின் படம். சூரிய கிரகணத்தன்று அதே வட்டங்கள் பிறைகளாகிவிடும். அன்று வேப்ப மரத்தடியில் நின்று பாருங்கள், தரையெங்கும் பிறைகள் கிடக்கும்.

இருண்ட அறையின் சுவரில் சிறு துளை இட்டால், வெளியே இருக்கும் காட்சி எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும். அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் 11-ஆம் நூற்றாண்டிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 16-ஆம் நூற்றாண்டில் துளையில் லென்ஸ் பொருத்தினார்கள். பிறகு அறை சுருங்கிப் பெட்டியானது. ஓவியர்கள் அதில் விழும் காட்சியின் மேல் தாளை வைத்துக் கோடு இழுத்தார்கள். 'கேமரா' என்ற லத்தீன் சொல்லுக்கு 'அறை' என்பதே பொருள்.

அப்படியென்றால் புகைப்பட முறை உலகுக்கு வெளியான 1839 வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது? வெளிச்சத்தில் நிறம் மாறும் பொருள் அப்போது யாருக்கும் தெரியாதா?

தெரியும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த ஷுல்ட்ஸே, வெள்ளி கலந்த சுண்ணக் குழம்பு வெயில் படும் பக்கத்தில் மட்டும் கறுப்பதைக் கண்டார். வெப்பத்தால் கறுக்கிறதா, ஒளியால் கறுக்கிறதா என்று சோதிக்க, எழுத்துகளை வெட்டிய தாளைப் பாட்டிலின் மேல் சுற்றி வெயிலில் வைத்தார். குழம்பில் எழுத்துகள் தோன்றின. பாட்டிலைக் குலுக்கியதும் கலைந்து போயின.

1802-இல் இங்கிலாந்தில் தாமஸ் வெட்ஜ்வுட்டும் ஹம்ப்ரி டேவியும் தாளிலும் வெள்ளைத் தோலிலும் சில்வர் நைட்ரேட்டைப் பூசி, அதன்மேல் இலைகளையும் பூச்சிச் சிறகுகளையும் வைத்துப் படம் எடுத்தார்கள். படம் வந்தது, ஆனால் நிற்கவில்லை. பகல் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தால் மிச்சமிருந்த வெள்ளைப் பகுதியும் கறுத்துவிடும். ஆகவே மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிறிது நேரம் பார்த்துவிட்டு மூடி வைத்தார்கள்.

இந்த வரலாற்றின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ஒளியை வேலை செய்ய வைப்பது எளிது. 'போதும், நிறுத்து' என்று சொல்வதுதான் கடினம். இத்தனைக்கும், ஒளி படாத வெள்ளி உப்பை அம்மோனியா கரைத்துவிடும், கறுத்த பகுதியை விட்டுவிடும் என்று ஸ்வீடன் வேதியியலாளர் ஷேலே 1777-இலேயே எழுதி வைத்திருந்தார். அந்த வரியைப் படத்துக்குப் பயன்படுத்த டேவிக்குத் தோன்றவில்லை. பின்வரும் பதில்கள் பலவற்றில் இந்த 'நிறுத்தும்' சிக்கல் திரும்பத் திரும்ப வரும்.

உலகின் முதல் போட்டோ எது? அதில் என்ன தெரிகிறது?

கேமராவில் எடுக்கப்பட்டு இன்றுவரை எஞ்சியிருப்பவற்றுள் மூத்தது, பிரான்ஸின் நிசெஃபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827-இல் எடுத்த படம். சென்-லூ-த-வரென் என்ற கிராமத்தில் இருந்த தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தார். ஒரு பக்கம் புறாக்கூண்டு, நடுவில் சரிந்த கூரை, அதற்கு அப்பால் ஒரு பேரி மரம். 16 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் அளவுள்ள வெள்ளீயக் கலவைத் தகடு அது. நேராகப் பார்த்தால் வெறும் தகடுதான். வெளிச்சத்தை ஒரு சாய்வில் விழ வைத்தால்தான் கூரைகள் எழுந்து வரும்.

நியெப்ஸ் முதலில் வெள்ளி உப்பைத்தான் முயன்றார். மேலே சொன்ன சிக்கலிலேயே சிக்கினார். பிறகு ஒருவகைத் தாரை எடுத்துக்கொண்டார். அந்தத் தார் ஒளி பட்ட இடத்தில் இறுகும். படாத இடத்தை லாவெண்டர் எண்ணெயால் கழுவிவிடலாம். கழுவிய பின் ஒளி வேலை செய்வதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. நிறுத்தும் சிக்கலை வேறு வழியில் சுற்றிக் கடந்துவிட்டார். அவருக்குப் பிறகு அந்தத் தகடு மறக்கப்பட்டுக் கிடந்தது. 1952-இல் வரலாற்றாசிரியர் ஹெல்முட் கெர்ன்ஷைம் அதைத் தேடிக் கண்டெடுத்தார். இன்று அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்தில் இருக்கிறது.

அந்த ஒரு படத்துக்கு எட்டு மணி நேரம் ஆனதாமே, உண்மையா?

எட்டு மணி நேரம் என்பது பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்ட எண். படத்தில் முற்றத்தின் இரு பக்கச் சுவர்களிலும் வெயில் அடிக்கிறது. ஒரே பார்வையில் அப்படித் தெரிய வாய்ப்பில்லை. சூரியன் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகும்வரை கேமரா திறந்தே இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் வந்த எண் அது. நியெப்ஸின் முறையைப் பின்பற்றிச் செய்து பார்த்தவர்கள் பல நாட்கள் ஆகியிருக்கலாம் என்கிறார்கள். ஒரு நாளுக்குக் குறையாது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

நியெப்ஸ்தான் முதல் ஆள் என்றால் டாகேருக்கு ஏன் இவ்வளவு பெயர்?

லூயி டாகேர் மேடைக் காட்சி ஓவியர். பாரிஸில் பெரிய திரைகளையும் ஒளியையும் வைத்து 'டயோரமா' என்ற காட்சிக்கூடம் நடத்தினார். 1829-இல் இருவரும் கூட்டு ஒப்பந்தம் செய்தார்கள். 1833-இல் நியெப்ஸ் இறந்துவிட்டார். டாகேர் தொடர்ந்து உழைத்து முற்றிலும் வேறொரு முறைக்கு வந்து சேர்ந்தார்: வெள்ளி பூசிய செப்புத் தகடு, அயோடின் ஆவி, பாதரச ஆவி. மணிக்கணக்கான நேரம் சில நிமிடங்களாகச் சுருங்கியது.

1839 ஜனவரி 7 அன்று விஞ்ஞானி அராகோ, பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் இதை அறிவித்தார். புதிய முறைக்கு டாகேர் தன் பெயரையே சூட்டியிருந்தார். நியெப்ஸின் பெயர் ஓரத்துக்குப் போனது. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் டாகேரின் முறையில் நியெப்ஸின் தார் இல்லை என்பதும் உண்மை. ஒருவர் மற்றவரின் கண்டுபிடிப்பை அப்படியே திருடிவிட்டார் என்று சொல்வது தவறு.

டாகேர் முறைப் படம் நேரில் எப்படி இருக்கும்? இணையத்தில் பார்த்தால் சாதாரணக் கறுப்பு-வெள்ளைப் படம் போலத்தான் இருக்கிறதே?

அச்சிலும் திரையிலும் பார்த்து இதை உணரவே முடியாது. ஒரு சேகரிப்பாளர் வீட்டில் ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தேன். வெல்வெட் வைத்த சிறு பெட்டி, புத்தகம் போலத் திறக்கிறது. திறந்ததும் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. கொஞ்சம் சாய்த்தேன். என் முகம் விலகி, ஒரு பெண்ணின் முகம் வந்தது. இன்னும் சாய்த்தால் அவளே நெகட்டிவாக மாறினாள். கன்னம் கறுப்பு, கூந்தல் வெளுப்பு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது காலரில் பின்னியிருந்த சரிகையின் நூல்களை எண்ண முடிந்தது.

தகட்டைக் கண்ணாடிபோல மெருகேற்றி, அயோடின் ஆவியில் காட்டுவார்கள். கேமராவில் வைத்து எடுத்த பின், சூடேற்றிய பாதரசத்தின் ஆவியில் காட்டுவார்கள். ஒளி பட்ட இடங்களில் பாதரசம் வெண்மையாகப் படியும். பிறகு உப்புக் கரைசலிலோ, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலிலோ கழுவுவார்கள். விரல் பட்டாலே படம் அழிந்துவிடும் என்பதால்தான் கண்ணாடியும் பெட்டியும். காட்சி இடம் வலமாக இருக்கும். மிக முக்கியமாக, ஒரு தகடுக்கு ஒரு படம்தான். பிரதி எடுக்க வழியில்லை.

உடைந்த தெர்மாமீட்டரால்தான் டாகேர் பாதரசத்தைக் கண்டுபிடித்தார் என்று படித்தேன்.

அலமாரியில் வைத்த தகட்டில் ஒரு நாள் படம் தானாகத் தோன்றியதாகவும், உள்ளே சிந்தியிருந்த பாதரசமே காரணம் என்று தெரிந்ததாகவும் சொல்லப்படும் கதை இது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை.

அந்தக் கதை மறைத்துவிடும் உண்மை இன்னும் பெரியது. கேமராவிலிருந்து எடுத்த தகட்டில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் படம் அதில் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. மறைந்திருக்கும் அந்தப் படத்தை வேதிப்பொருள் வெளியே கொண்டுவருகிறது. மணிக்கணக்கு நிமிடக்கணக்காகக் குறைந்ததன் காரணம் இதுதான்: முழு வேலையையும் ஒளியே செய்ய வேண்டியதில்லை, தொடங்கி வைத்தால் போதும். இருட்டறையில் டெவலப்பர் தட்டில் வெள்ளைத் தாளைப் போட்டு அசைத்துக்கொண்டிருக்கும்போது, முதலில் புருவம், பிறகு கண், பிறகு சட்டைப் பொத்தான் என்று எழுந்து வருமே, அதன் தொடக்கம் 1830-களின் அந்தப் பாதரச ஆவியில் இருக்கிறது.

பிரான்ஸ் இதை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்ததா?

கொடுத்தது, ஒரு விதிவிலக்கோடு. டாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க், நியெப்ஸின் மகன் இசிதோருக்கு 4,000 பிராங்க் ஓய்வூதியம் என்று முடிவு செய்து, 1839 ஆகஸ்ட் 19 அன்று முறையை முழுவதுமாக வெளியிட்டார்கள். சில வாரங்களில் பல நாடுகளில் மக்கள் தகடு மெருகேற்றத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அதற்கு ஐந்து நாட்கள் முன்புதான் இங்கிலாந்தில் டாகேர் சார்பில் காப்புரிமை எடுக்கப்பட்டிருந்தது. ஆகவே அங்கே மட்டும் பணம் கட்ட வேண்டும்.

நெகட்டிவ் எப்படி வந்தது? அதுவும் டாகேர்தானா?

இல்லை, ஆங்கிலேயர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். 1833-இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் உட்கார்ந்து, வரைவதற்கு உதவும் ஒரு கருவியை வைத்துப் படம் வரைய முயன்றார். வரவில்லை. காட்சி தன்னைத்தானே தாளில் வரைந்துகொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. ஊர் திரும்பி, லேகாக் அபே என்ற தன் வீட்டில் சோதனைகளைத் தொடங்கினார். சிறு சிறு மரப் பெட்டிக் கேமராக்களை வீட்டைச் சுற்றி வைத்திருப்பார். மனைவி கான்ஸ்டன்ஸ் அவற்றை 'எலிப்பொறி' என்பார். 1835 ஆகஸ்டில் எடுத்த ஜன்னல் நெகட்டிவ் இன்றும் இருக்கிறது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரியது. அதில் சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களை லென்ஸ் வைத்து எண்ண முடிந்தது என்று அவரே அதன் அருகில் எழுதி வைத்தார்.

வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெள்ளையாகவும் பதிந்த தாளை, இன்னொரு பூசிய தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் எல்லாம் நேராகிவிடும். எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். டாகேரின் தகடு கூர்மையில் வென்றது. ஆனால் அடுத்த 150 ஆண்டுகள் ஸ்டூடியோக்களில் நடந்தது டால்பட்டின் வழிதான். 1840-இல் அவரும் மறைந்திருக்கும் படத்தைக் கண்டார். மறு ஆண்டு அந்த முறைக்கு 'கேலோடைப்' என்ற பெயரில் காப்புரிமை பெற்றார்.

ஸ்டூடியோவில் 'ஹைப்போ' என்பார்களே, அது எப்போது வந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1819-இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி, ஹைப்போ எனப்படும் இந்த சோடியம் தயோசல்பேட் உப்பு வெள்ளி உப்புகளைக் கரைத்துவிடும் என்று கண்டு வெளியிட்டார். அப்போது புகைப்படம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. இருபது ஆண்டுகள் அந்தச் செய்தி சும்மா கிடந்தது. டாகேரும் டால்பட்டும் உப்புக் கரைசல்களோடு அரைகுறையாகப் போராடிக்கொண்டிருந்தார்கள்.

1839 ஜனவரியில் பாரிஸ் அறிவிப்பின் செய்தி எட்டியதும், தானே செய்து பார்க்க ஹெர்ஷல் உட்கார்ந்தார். நிறுத்துவது எப்படி என்ற கேள்வி வந்ததும் தன் பழைய உப்பு நினைவுக்கு வந்தது. சில நாட்களில் முடிந்துவிட்டது. பிப்ரவரி 1 அன்று டால்பட் அவரைப் பார்க்க வந்தபோது ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். காப்புரிமை கேட்கவில்லை. 'போட்டோகிராபி' என்ற சொல்லை அறிஞர் உலகில் பரப்பியவரும், 'நெகட்டிவ்', 'பாசிட்டிவ்' என்று பெயரிட்டவரும் அவரே. இந்தக் கதையில் எனக்கு மிகுந்த மதிப்பு இவர்மேல்தான்.

தேர்வில் 'புகைப்படத்தின் தந்தை' என்று யாரை எழுதுவது?

மதிப்பெண்ணுக்கு உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் பெயரை எழுதுங்கள். ஆனால் கேள்வியே சரியில்லை. நிலைத்து நின்ற முதல் கேமராப் படம் என்றால் நியெப்ஸ். மக்கள் கைக்கு வந்த முதல் முறை என்றால் டாகேர். நெகட்டிவ் என்றால் டால்பட். நிறுத்தும் வழி என்றால் ஹெர்ஷல்.

விடுபட்டவர்களும் உண்டு. பிரேசிலில் ஹெர்குலி ஃபுளோரன்ஸ் 1833-இலேயே வெள்ளி உப்பில் படங்களைப் பிரதி எடுத்தார். தன் குறிப்பில் 'போட்டோகிராபி' என்ற பிரெஞ்சுச் சொல்லையும் எழுதினார். ஐரோப்பாவுக்குத் தெரியவில்லை. பாரிஸிலேயே இருந்த ஹிப்போலித் பயார், 1839 ஜூனில், டாகேரின் முறை வெளியாகும் முன்பே, தாளில் நேரடியாக எடுத்த 30 படங்களைக் காட்சிக்கு வைத்தார். அரசு கண்டுகொள்ளவில்லை. மறு ஆண்டு தன்னையே நீரில் மூழ்கிச் செத்தவனாகப் படமெடுத்து, பின்புறத்தில் தன் குறையை எழுதி வைத்தார். அந்தப் படத்தை அறியாதவர்கள் தேடிப் பாருங்கள். கண் மூடிச் சாய்ந்திருக்கிறார். முகமும் கைகளும் மட்டும் வெயிலில் கறுத்திருக்கின்றன.

பாரிஸ் தெருவின் பழைய படத்தில் ஏன் ஆட்களே இல்லை? பழைய படங்களில் யாரும் சிரிப்பதும் இல்லையே?

நீங்கள் சொல்வது டாகேர் 1838-இல் எடுத்த தெருப் படம். தெருவில் வண்டிகளும் ஆட்களும் நிறையவே இருந்திருப்பார்கள். கேமரா பல நிமிடங்கள் திறந்திருந்ததால், நகர்ந்தவர்கள் பதியவில்லை. ஒருவர் மட்டும் காலைத் தூக்கி வைத்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நின்றார். அதனால் பதிந்தார். ஒளிப்படத்தில் பதிந்த முதல் மனிதர்களுள் ஒருவர் என்று அவரைச் சொல்கிறார்கள். தான் பதிந்தது அவருக்குத் தெரிந்திருக்காது.

ஆட்களை எடுக்க 1840-இல் பெட்ஸ்வால் வடிவமைத்த, பல மடங்கு ஒளியை உள்ளே விடும் லென்ஸ் உதவியது. தகட்டில் புரோமின் ஆவியையும் சேர்த்துக்கொண்டார்கள். இருந்தும் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்து தலையை அசையாமல் நிறுத்த வேண்டியிருந்தது. ஆனால் சிரிக்காததற்கு அது மட்டும் காரணமல்ல. சில வினாடிகளில் படம் எடுக்க முடிந்த பிறகும் மக்கள் சிரிக்கவில்லை. வாழ்நாளில் ஒருமுறை எடுக்கும் படம். ஓவியத்துக்கு உட்காருவதுபோல உட்கார்ந்தார்கள். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய கல்யாணப் படங்களிலும் யார் சிரிக்கிறார்கள்?

அந்தக் காலப் படங்களில் வானம் எப்போதும் வெறும் வெள்ளையாக இருக்கிறதே, மேகமே இல்லையா?

மேகம் இருந்தது. வெள்ளி உப்புக்கு நீலமும் ஊதாவும் மட்டுமே நன்றாகத் தெரியும்; சிவப்பு அதற்கு இருட்டு. கோபுரம் சரியாகப் பதியும்வரை காத்திருந்தால், அதற்குள் நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து மேகத்தோடு ஒன்றாகிவிடும். 1873-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபோகல், சில சாயங்களைச் சேர்த்தால் மற்ற நிறங்களும் பதியும் என்று கண்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிவதும் இதனால்தான்: தாளுக்கு அந்த ஒளி தெரியாது.

நம் ஊருக்குக் கேமரா எப்போது வந்தது?

1856-இல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கப்பட்டது. அதே ஆண்டு மெட்ராஸ் அரசு, லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைத் தன் போட்டோகிராபராக நியமித்தது. 1858-இல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் எடுத்தார். டால்பட் வழி வந்த மெழுகிட்ட தாள் நெகட்டிவ்தான் அவருடையது. வெள்ளை வானம் பிடிக்காமல், நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டுவார்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த வேலை ஒன்று என்னை வியக்க வைக்கிறது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே சுருளாக்கினார். அந்தக் கல்வெட்டுகள் முறையாகப் படித்து அச்சிடப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு அது.

இப்போது வெட் பிளேட் என்று சிலர் எடுக்கிறார்களே, அது இவற்றில் எது?

டாகேர், டால்பட் முறைகள் இரண்டுக்கும் அடுத்தது. 1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர், கண்ணாடியில் கொலோடியன் என்ற பசையைப் பூசி எடுக்கும் முறையை வெளியிட்டார். டாகேரின் கூர்மையும் டால்பட்டின் பிரதி வசதியும் ஒன்றாகக் கிடைத்தன. பூச்சு காய்வதற்குள், சில நிமிடங்களில், எடுத்துக் கழுவிவிட வேண்டும். ஆகவே போகும் இடமெல்லாம் இருட்டறையும் கூடவே போகும். ஆர்ச்சர் காப்புரிமை கேட்கவில்லை; 1857-இல் வறுமையில் இறந்தார். 1871-இல் மேடக்ஸ் காட்டிய ஜெலட்டின் உலர் தகடு அந்த அவசரத்தைப் போக்கியது. 1888-இல் வந்த கோடாக் கேமராவில் 100 படங்களுக்குச் சுருள் இருந்தது. எடுத்து முடித்துக் கேமராவோடு அனுப்பினால் கழுவித் திருப்பி அனுப்பினார்கள்.

ஒளியால்தான் எடுக்கிறோம் என்றால் 'புகைப்படம்' என்ற சொல் தவறுதானே?

'போட்டோகிராபி' என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு நெருக்கமானது 'ஒளிப்படம்'தான். நானும் அதை விரும்பி எழுதுகிறேன். ஆனால் 'புகைப்படம்' என்பவரைத் திருத்துவதில்லை. மக்கள் வாயில் நிலைத்த சொல். அயோடின் ஆவியையும் பாதரச ஆவியையும், பின்னாளில் ஸ்டூடியோவில் மக்னீசியப் பொடி எரிந்தபோது எழுந்த வெண்புகையையும் நினைத்தால், அந்தச் சொல் முற்றிலும் அந்நியமாகவும் தோன்றவில்லை.

இதில் எதையாவது வீட்டில் செய்து பார்க்கலாமா?

பாதரசம் பக்கமே போகாதீர்கள். அதன் ஆவி நஞ்சு. ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த நீல அச்சைச் செய்யுங்கள். அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் 1843 முதல் கடற்பாசிகளைப் பதித்து நூலாக்கியது இந்த முறையில்தான். பச்சை நிற ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி நீரிலும், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராமை இன்னொரு 100 மில்லி நீரிலும் தனித்தனியே கரைத்து, தேவைப்படும்போது சம அளவு கலந்துகொள்ளுங்கள். கையுறை போடுங்கள், அமிலத்தின் அருகில் வைக்காதீர்கள்.

மாலையில் மங்கலான அறையில் கெட்டித் தாளில் பூசி இருட்டில் உலர்த்துங்கள். மறுநாள் ஒரு முருங்கைக் கீற்றை மேலே வைத்து, கண்ணாடியால் அழுத்தி, உச்சி வெயிலில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். பிறகு வாளித் தண்ணீரில் அலசுங்கள். ஒளி படாத மஞ்சள் பூச்சு கரைந்து போகும். ஹைப்போகூட வேண்டாம், தண்ணீரே நிறுத்திவிடும். மஞ்சள் முழுவதும் போகும்வரை தண்ணீரை மாற்றுங்கள். அவசரப்பட்டால் வெள்ளைப் பகுதியில் பிறகு நீலம் பாயும். நிழலில் காய வையுங்கள். அடுத்த நாள் பார்க்கும்போது நீலம் இன்னும் அடர்ந்திருக்கும்.